ஏர்பேக் விளக்கு அணைய மறுக்கிறதா?

கேள்வி: காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்த மறுநாளிலிருந்து ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. என்ன உடைந்திருக்கும்?

பதில்: பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. முன் இருக்கைகளுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டரைத் தேடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றின் ஒயர்கள் பல கார்களில் அதன் வழியாகத்தான் போகின்றன. துடைக்கும்போது கை பட்டாலோ, இருக்கையை முன்னும் பின்னும் தள்ளினாலோ அது தளர்ந்துவிடும். இருக்கைக்கு அடியில் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் திணித்து வைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். கையேடு இல்லையென்றால் 10 நிமிடம். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு கபாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அது வடிய வேண்டும். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது. அதைப் பட்டறையில் காட்டுங்கள். சுத்தமாக இருந்தால் ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டுங்கள். மீண்டும் சாவியைத் திருப்பும்போது ஏர்பேக்குக்கு எதிரே முகத்தை வைக்காதீர்கள்.

அதன் பிறகும் விளக்கு எரிந்தால், பழைய பிழைக் குறியீடு நினைவகத்தில் தங்கியிருக்கலாம். அதை அழிக்க ஏர்பேக் பிரிவையும் படிக்கும் ஸ்கேனர் தேவை. மலிவான கருவிகள் பல எஞ்சினோடு நின்றுவிடுகின்றன.

கேள்வி: மல்டிமீட்டரால் ஏர்பேக்கைச் சோதிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஓம் அளக்க மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே பையை வெடித்து விரியச் செய்துவிடலாம்.

கேள்வி: விளக்கு எரிகிறது, ஹாரனும் அடிப்பதில்லை.

பதில்: இரண்டும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மீதுதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் நாடா ஒயர் அது. அறுந்தால் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்களும் செத்துவிடும். மாற்றுவதற்கு ஏர்பேக்கையே கழற்ற வேண்டும். புதியதை நட்டநடுவில் நிறுத்திப் பொருத்தாவிட்டால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அதுவும் அறுந்துவிடும். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பல்பைப் பிடுங்கிவிட்டால் என்ன?

பதில்: விபத்தின்போது பை விரியாமல் போகலாம், அது உங்களுக்கு முன்கூட்டியே தெரியவும் தெரியாது. பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம்.