16 நிமிடமும் 21 வருடமும்

அன்புள்ள மேடம்,

ஜூடித் ஜேமிசன் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். "ஒரு சொராரிட்டியின் முன்னாள் உறுப்பினர், தொழில்முறை நடனக் கலைஞர்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நேராக மேடைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியிலேயே கால் மாட்டிக்கொண்டது. காரணம் சொந்தக் கதைதான். என் மகள் அமெரிக்காவில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இங்கே இருந்தவரை பரதம் ஆடினாள். அங்கே போய் மாடர்ன் டான்ஸ் வகுப்பில் சேர்ந்தவள், இனி அதுதான் தொழில் என்கிறாள். கூடவே ஏதோ சொராரிட்டியில், அதாவது கல்லூரிப் பெண்களுக்கான சங்கத்தில், சேரப்போகிறாளாம். எனக்கு சினிமாவில் பார்த்த பார்ட்டி வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன. அவள் அப்பா அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அந்தச் சங்கம் ஜேமிசனுக்குக் கைகொடுத்ததா? படிப்பைப் பாதியில் விட்டவரை இப்படிக் கொண்டாடுகிறீர்களே, எத்தனை பேருக்கு அப்படி அமையும்? முட்டி தேய்ந்து ஆட முடியாமல் போன பிறகு இவர்கள் என்ன செய்வார்கள்? என் பெயரைப் போட வேண்டாம்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். "முன்னாள் உறுப்பினர்" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. ஜேமிசன் டெல்டா சிக்மா தீட்டாவைச் சேர்ந்தவர். கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளில் முன்னாள் என்ற பேச்சே கிடையாது, சேர்ந்தால் ஆயுளுக்கும்தான். பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஊருக்கு ஊர் கிளை வைத்துக் கூடுகிறார்கள். கல்லூரியெல்லாம் முடித்த பிறகு சேருகிறவர்கள் உண்டு. பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் போன்றவர்களைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

நம் ஊரில் இந்தச் சமாச்சாரம் கொஞ்சமாவது காதில் விழுந்தது கமலா ஹாரிஸால்தான். துளசேந்திரபுரத்தில் அவருக்காக அபிஷேகம் நடந்த நாட்களில், அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தவர் என்ற செய்தியும் ஓரமாக வந்தது. அது 1908ல் அதே ஹோவர்டில் தொடங்கியது. அதில் இருந்த மாணவிகள் 22 பேருக்கு, சங்கம் வெறும் நட்பு வட்டமாக இருந்தால் போதாது, பொதுக் காரியத்தில் இறங்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவர்கள் 1913 ஜனவரியில் ஆரம்பித்ததுதான் டெல்டா. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 3ம் தேதி வாஷிங்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில் இந்த மாணவிகள் போய் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் வேண்டுமானால் பின்னால் வரட்டும் என்று நினைத்தவர்களும் இருந்த ஊர்வலம் அது.

உங்கள் மகள் சேரப்போவது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பார்ட்டி வீடுகளும் இருக்கத்தான் செய்கின்றன. சேர்க்கிற சமயத்தில் புதியவர்களைப் படுத்தி எடுக்கிற வழக்கத்தால் மோசமான சம்பவங்களும் நடந்திருக்கின்றன. எந்தச் சங்கம், கட்டணம் எவ்வளவு, சேரும்போது என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று அவளிடமே கேளுங்கள். மிரட்டுகிற குரலில் இல்லாமல், தெரிந்துகொள்கிற குரலில் கேளுங்கள்.

சரி, ஜேமிசனுக்குக் கைகொடுத்ததா? வேலை வாங்கிக் கொடுத்ததா என்று கேட்டால், அவருக்கு மேடை கிடைத்த கதையில் சங்கம் எங்கேயும் வரவில்லை.

அவர் 1943ல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். ஆறு வயதிலேயே பாலே வகுப்பு. டென்னசியில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மூன்று செமஸ்டரோடு நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். இதைத்தான் நீங்கள் பாதியில் விட்டது என்கிறீர்கள். விட்டவர் அடுத்துப் போனது பிலடெல்ஃபியா டான்ஸ் அகாடமிக்கு, அதாவது இன்னொரு வகுப்பறைக்கு. அங்கே பாடம் எடுக்க வந்த நடன அமைப்பாளர் ஆக்னெஸ் டி மில் இவரைக் கவனித்து நியூயார்க்குக்கு அழைத்தார். 1965ல் அமெரிக்கன் பாலே தியேட்டர் மேடையில் ஆடினார். சினிமாவாக இருந்தால் இங்கேயே நாயகிக்கு மாலை விழுந்திருக்கும்.

ஆனால் அந்த நிகழ்ச்சி முடிந்ததும் கையில் வேலை இல்லை. நியூயார்க்கில் அப்போது உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மரக்கட்டை போன்ற படகில் ஆட்களை உட்கார வைத்துத் தண்ணீரோடு சறுக்கவிடுவார்களே, அந்த விளையாட்டை இயக்கும் வேலைக்குப் போனார். பாலே மேடையில் ஆடிவிட்டு வந்தவர், பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுகிறவர் மாதிரி நின்றார்.

அப்புறம் ஒரு ஆடிஷன். பாடகர் ஹாரி பெலஃபான்டேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நடன அமைப்பாளர் டொனால்ட் மெக்கேல் ஆள் எடுத்தார். ஜேமிசன் சரியாக ஆடவில்லை, தேர்வாகவில்லை. அழுதுகொண்டே வெளியேறியவர், வழியில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கவனிக்காமல் கடந்து போனார். அவர்தான் சொந்தமாக நடனக் குழு நடத்திக்கொண்டிருந்த ஆல்வின் எய்லி. மூன்று நாள் கழித்து எய்லி போன் செய்து, என் குழுவுக்கு வருகிறாயா என்று கேட்டார். சேர்ந்தவர் அங்கே 15 வருடம் ஆடினார்.

இந்தக் கதையை எல்லோரும் போன் மணி அடிப்பதில் முடித்துவிடுவதால் எனக்கு இதன்மேல் ஒரு எரிச்சல் உண்டு. எத்தனை பேருக்கு அமையும் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அன்று தோற்றுப் போன மற்றவர்களுக்கு எந்த போனும் வந்திருக்காது. ஆனால் எய்லி பார்த்தது ஒரு நாள் சொதப்பிய பெண்ணின் உடம்பில் இருந்த பதினைந்து வருடத்துக்கு மேலான பயிற்சியை. அந்தப் பயிற்சி இல்லாமல் அதிர்ஷ்டம் மட்டும் வாசலுக்கு வந்திருந்தால், உட்காரக்கூட இடமில்லாமல் திரும்பியிருக்கும்.

"க்ரை" என்ற நடனம் பற்றி என் குறிப்பில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எய்லி தன் அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக அமைத்தது அது. எங்குமுள்ள கறுப்பினப் பெண்களுக்கெல்லாம், முக்கியமாக நம் அம்மாக்களுக்கு என்று அர்ப்பணித்தார். நியூயார்க் சிட்டி சென்டரில் 1971 மே 4ம் தேதி அரங்கேறியது. ஒரே ஒரு பெண், சுமார் 16 நிமிடம், நடுவில் ஓய்வே கிடையாது. வெள்ளை உடை. கையில் நீளமான வெள்ளைத் துணி. அந்தத் துணியைத் தலைக்கு மேலே ஏந்தி வருகிறாள். சற்று நேரத்தில் அது தரை துடைக்கும் துணியாகிறது, மண்டியிட்டுத் தேய்க்கிறாள். பிறகு அதுவே தலைக்கட்டு ஆகிறது. கையில் ஒரு துணி இருந்தால் அதைப் பாத்திரமாகவும் பிள்ளையாகவும் பாரமாகவும் காட்டலாம் என்பது அபிநயம் பார்த்துப் பழகிய நமக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே முகம் எதையும் விளக்குவதில்லை. முதுகும் தோளும்தான் பேசுகின்றன. ஐந்தடி பத்து அங்குலப் பெண், அந்த நீண்ட கைகளை விரித்துக் குனிந்து தரையைத் தேய்க்கும்போது, இவ்வளவு பெரிய உடம்பை இவ்வளவு சிறிய வேலைக்குள் மடக்கி வைத்தது யார் என்று எனக்குக் கோபம் வந்தது.

நடுப்பகுதி துக்கம். கடைசிப் பகுதி வேகமான பாட்டு, கொண்டாட்டம். மூச்சு வாங்குகிற நேரத்தில்தான் மகிழ்ச்சியை ஆட வேண்டும், அதுதான் அதன் கொடுமை. அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒரு தடவைகூட முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை என்று ஜேமிசனே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எங்கிருந்து எங்கே போகிறாள் என்று எய்லியும் விளக்கவில்லையாம். இவராகவே தனக்கு முன்னால் வந்த பெண்களையெல்லாம் நினைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார். நீங்கள் கேட்ட சங்கத்துக்கும் இவருடைய ஆட்டத்துக்கும் ஏதாவது உறவு உண்டென்றால், அது இந்த நினைப்பில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதற்குச் சாட்சி எதையும் கேட்காதீர்கள்.

மற்றதெல்லாம் வேகமாக. 1976ல் பாலே நட்சத்திரம் மிஹாயில் பரிஷ்னிகோவோடு ஜோடியாக ஆடினார், இவர்தான் உயரம். 1980ல் குழுவை விட்டு வந்தார், 1981ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஆடினார், 1988ல் சொந்தமாக ஒரு சிறு குழு தொடங்கினார்.

இனி முட்டி தேய்ந்த பிறகு என்ன என்ற கேள்வி. 1989 டிசம்பர் 1ம் தேதி எய்லி இறந்தார். தனக்குப் பிறகு நீ பார்த்துக்கொள் என்று அவர் ஜேமிசனிடம் முன்பே கேட்டிருந்தார். அப்போது ஜேமிசனுக்கு வயது 46. அந்த வயதில் கலை இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர் 2011 வரை, 21 வருடம் எழுந்திருக்கவில்லை. யார் ஆடுவது, எதை ஆடுவது, எந்த ஊருக்கு டூர், பணம் எங்கிருந்து வரும் என்று பார்ப்பதுதான் வேலை. நிறுவனரோடு சேர்ந்து மூழ்கிப்போகும் குழுக்கள் எவ்வளவோ. இது மூழ்கவில்லை. 1998ல் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடனத்தில் பட்டப்படிப்பு தொடங்கினார்கள். பட்டம் வாங்காமல் கிளம்பிய பெண் தலைமை வகித்த இடத்தில் பட்டம் கொடுக்கிறார்கள், உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 2004ல் மன்ஹாட்டனில் ஒன்பதாவது அவென்யூவில் சொந்தக் கட்டடம் எழுந்தது.

நான் அந்த 16 நிமிடத்தைவிட இந்த 21 வருடத்தை ஒரு படி மேலே வைப்பேன். ஏனென்றால் அந்தக் குழுவில் ஆடுகிறவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, கேட்டு வாங்கத் தொழிற்சங்கமும் உண்டு. பெரிய பணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் ஆடினால் காசு வரும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இங்கே ஒரு சபாவில் ஆடினாள். பாட்டுக்காரர், மிருதங்கம், நட்டுவாங்கம், மேக்கப், வண்டி எல்லாம் அவள் கைக்காசு. திரும்பி வந்தபோது அவளிடம் இருந்தது ஒரு சால்வையும் பழத்தட்டும். அவளிடம் "நீ தொழில்முறைக் கலைஞரா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வாள்?

அதனால் உங்கள் மகளிடம் "டான்ஸ் சோறு போடுமா?" என்று பொதுவாகக் கேட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை. எந்தக் குழுவில் சேர ஆசைப்படுகிறாய், அங்கே வருடத்தில் எத்தனை வாரம் சம்பளம், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களில் என்ன வேலை செய்வாய் என்று கேளுங்கள். பதில் வைத்திருந்தால் அவள் விவரமான பெண். இல்லையென்றால் தேடிக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வருடம் படிப்பு மீதி இருக்கிறது.

ஜேமிசன் 2024 நவம்பரில், 81 வயதில் இறந்துபோனார். "க்ரை"யை இன்று வேறு பெண்கள் ஆடுகிறார்கள். இணையத்தில் அவர் ஆடிய துண்டுகள் கிடைக்கும். மகளுக்கு வீடியோ காலில் வரச்சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். நமக்குக் காலை என்றால் அவளுக்கு முந்தின நாள் இரவு, சரிப்பட்டு வரும். முதல் பகுதியில் அந்தத் துணியை மட்டும் கவனியுங்கள். அவள் அப்பா அந்தப் பக்கமாகப் போனால் கூப்பிட வேண்டாம், சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.