வேலியன்டா, தயானாவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

படகு வடிவமைப்பாளர் ராபர்ட் பெர்ரி எழுபதுகளில் வரைந்த இரண்டு பாய்மரப் படகுகளை இந்த முறை எல்லோரும் பிடித்துக்கொண்டீர்கள். வேலியன்ட் 40 ஒன்று, தயானா 37 இன்னொன்று. சரி, கடிதங்கள் வந்த வரிசையிலேயே போகலாம்.

கே: இரண்டில் எது வேகம்?

வேலியன்ட். அதன் நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 34 அடி; தயானாவுக்கு 31. ஏட்டுக் கணக்குப்படி உச்ச வேகம் 7.8 நாட், 7.5 நாட் என்று வரும் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் உச்ச வேகத்திலேயே யாரும் கடலைக் கடப்பதில்லை. காற்று மெலியும்போதும் எதிர்க்காற்றில் ஏறும்போதும்தான் தயானாவின் நீண்ட கீல், அதாவது படகின் அடியில் நீளும் பாரமான பகுதி, இழுவை காட்டும். பசிபிக்கில் கலபகோஸிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000 கடல் மைல். அந்த ஓட்டத்தில் வேலியன்ட் இரண்டு மூன்று நாள் முன்னால் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1982-ல் கிளம்பிய முதல் பிஓசி தனியாள் உலகப் பந்தயத்தை ஒரு வேலியன்ட் 40 ஓடி முடித்தது. ஆனால் அந்த ஓட்டம் உங்கள் படகுக்குத் தானாக வந்துவிடாது. பாய் பழசாகித் தொய்ந்திருந்தால் எந்த வேலியன்டும் நகராது.

கே: நல்ல படகு எது? சீக்கிரம் சொல்லவும்.

பணம் எவ்வளவு, எந்தக் கடல், எத்தனை பேர்? மூன்றில் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதிவிட்டுக் கேளுங்கள்.

கே: என் மனைவிக்குக் கடல் குமட்டல் அதிகம். எது குறைவாக ஆடும்?

தயானா. 31 அடி நீர்க்கோட்டில் சுமார் 11 டன் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆட்டம் நிதானமாக இருக்கும். வேலியன்டும் லேசான படகல்ல, 10 டன் வரும். ஆனால் பல தயானாக்களில் டீசல் தொட்டி அணியத்தில், முன் படுக்கைக்கு அடியில் இருக்கிறது. சுமார் 340 லிட்டர். அதோடு நங்கூரச் சங்கிலியும் அங்கேயே. அவ்வளவு பாரமும் மூக்கில் இருந்தால் எதிரலையில் படகு குத்திக் குத்தி எழும். தொட்டியை நடுவுக்கு மாற்றிய படகாகப் பாருங்கள். அப்புறம், படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கே: கவிழும் அபாய எண் தயானாவுக்கு 1.6, வேலியன்டுக்கு 1.75. அப்படியானால் வேலியன்ட் ஆபத்தா?

இல்லை. வரம்பு 2. இரண்டும் அதற்குக் கீழே. அகலமும் எடையும் மட்டுமே சேரும் அந்தக் கணக்கு 1979 ஃபாஸ்ட்நெட் படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கிய விபத்துக்குப் பிறகு முதல் சல்லடையாக வந்தது. கீல் பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அதை வைத்துப் படகு வாங்காதீர்கள்.

கே: விளம்பரத்தில் "அழகிய தேக்கு டெக்குடன்" என்று ஒரு 1979 தயானா. விலையும் மலிவு. வாங்கலாமா?

இந்த வரியைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். தயானா போன்ற அந்தக் கால தைவான் படகுகளில் தேக்குப் பலகையை ஒட்டியதோடு நிற்கவில்லை; ஆயிரக்கணக்கான திருகாணிகளால் ஃபைபர் டெக்கில் இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு துளை. பலகை இடுக்கில் இருக்கும் பசை பத்து பதினைந்து வருடத்தில் செத்துப்போகும். பிறகு மழைநீரும் கடல்நீரும் துளை வழியே இறங்கி, ஃபைபர் தோல்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மரத்தை ஊறவைக்கும். மேலே தேக்கு தேன் நிறத்தில் மின்னும், கீழே மரம் கூழாகியிருக்கும். விற்பவரோ பாலிஷ் போட்டுப் படம் எடுத்துப் போடுவார்!

ஈரமானியை நம்பாதீர்கள், நனைந்த தேக்கின் மேல் வைத்தால் அது எதையும் சொல்லும். பிளாஸ்டிக் சுத்தியலால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் சரி, சொத்தென்றால் அங்கே அழுகல். உள்ளே போய் கூரைப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தேக்கைப் பிய்த்து, துளைகளை எபாக்ஸியால் அடைத்து, மேலே ஃபைபர் போர்த்தி, வழுக்காத பெயின்ட் அடிக்கும் வேலையை யார்டில் கொடுத்தால், மலிவாக வாங்கிய படகின் விலையில் பாதியை அதுவே விழுங்கலாம். இதெல்லாம் போக, வெயில் நாட்டில் தேக்கு டெக் காலைச் சுடும், கேபினையும் கொதிக்க வைக்கும். ஏற்கெனவே யாரோ தேக்கை உரித்து முடித்த தயானாவுக்குக் கூடுதல் விலை கொடுங்கள், தயங்க வேண்டாம். எப்படியானாலும் சர்வேயர் பார்க்காமல் முன்பணம் கூடாது.

கே: வேலியன்டில் கொப்புள நோய் உண்டாமே?

உண்டு. 1976 முதல் 1981 வரை எளிதில் தீப்பிடிக்காத ரெசின் ஒன்றை ஃபைபர் உடலில் பயன்படுத்தியதால் அதில் கொப்புளம் கிளம்பிய வினை. நீருக்கு மேலேகூடக் கொப்புளிக்கும். பொதுவாக உடலின் பலத்தைக் கெடுப்பதில்லை, விலையைக் கெடுக்கும். பிற்பாடு விற்கும்போது உங்கள் விலையும் அதே அளவு அடிபடும். அதற்கு மனம் ஒப்பினால் பேரம் பேசி வாங்குங்கள்.

கே: நானும் மனைவியும் எட்டு வயது மகளும் இரண்டு வருடம் படகிலேயே வாழப்போகிறோம். உள்ளே எது வசதி?

தயானாவின் உள்ளறையை வாங்குபவர் விருப்பப்படி மாற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை முடிவு செய்ய முடியாது. பிள்ளைக்குத் தனியாக ஒரு பின் படுக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே முழுக்கத் தேக்கு என்பதால் கொஞ்சம் இருட்டு. காற்றுத் திறப்புகளை எண்ணிப் பாருங்கள். வேலியன்டில் வெளிச்சமும் நடமாட்டமும் மேல். மூன்று பேர் சாமான் ஏறினால் ஒன்றரை டன் கூடிவிடும். அதைத் தயானா கண்டுகொள்ளாது, வேலியன்ட் கொஞ்சம் முனகும். உங்களுக்குத் தயானா.

கே: இரண்டுக்கும் பின்புறம் கூராக இருக்கிறதே, புயலுக்கு நல்லதா?

பார்க்க நல்லது. பின்னால் சாமான் வைக்கும் இடம்தான் குறையும்.

கே: பாய்மரத்தைத் தாங்கும் ரிக்கிங் கம்பிகள் பார்க்கப் பளபளவென்று இருக்கின்றன. 22 வருடப் பழசு. மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். கம்பியைப் படகின் உடலோடு பிடிக்கும் உலோகத் தகடான செயின்பிளேட்டில் அது இணையும் இடத்தையும் கழற்றிப் பாருங்கள். துரு வெளியே தெரியாது.