சூரியனின் துருவத்துக் காற்று

கேள்வி: பூமிக்கு அருகிலேயே செயற்கைக்கோள்கள் சூரியக் காற்றை (சூரியனிலிருந்து வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தை) அளக்கும்போது, யுலிசிஸ் விண்கலத்தைச் சூரியனுக்கு எதிர்த்திசையில் வியாழன்வரை அனுப்பியது ஏன்?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: பாதி விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் காற்றில் தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே ஒதுங்கி நிற்கும். மலை மறைவிலுள்ள ஊர்களில் அவ்வளவு வேகம் இராது. ஓர் ஊரில் மட்டும் அளந்துவிட்டுக் கொங்குநாட்டுக் காற்றே இதுதான் என்று சொல்ல முடியுமா? பூமி சூரியனின் நடுக்கோட்டிலிருந்து ஏழேகால் பாகைக்கு மேல் விலகுவதில்லை; ஆகவே இங்கிருந்து நாம் அளப்பது பெரும்பாலும் நடுக்கோட்டுப் பக்கத்துக் காற்றைத்தான்.

துருவங்களுக்கு மேலே செல்வது எளிதன்று. பூமியிலிருந்து கிளம்பும் எந்தக் கலமும் பூமியின் விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைச் சுமந்துகொண்டே செல்கிறது. அதைத் துடைத்துவிட்டுச் செங்குத்தாக எழும் ஆற்றல் அன்றைய ராக்கெட்டுகளுக்கு இல்லை. எனவே ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் நாசாவும் 1990 அக்டோபரில் அனுப்பிய யுலிசிஸ், 1992 பிப்ரவரியில் வியாழனின் ஈர்ப்பால் வளைக்கப்பட்டு, சூரிய நடுக்கோட்டுக்கு 80 பாகை சாய்ந்த பாதையில் விழுந்தது.

1994இல் தென்துருவத்தின் மேலும் 1995இல் வடதுருவத்தின் மேலும் சென்றபோது, அங்கே காற்று விநாடிக்கு ஏறத்தாழ 750 கிலோமீட்டர் வேகத்தில் சீராக வீசிக்கொண்டிருந்தது. நடுக்கோட்டருகே அது பெரும்பாலும் 400 அளவில்தான் இருக்கும். சூரியன் அமைதியாக உள்ள காலத்தில் துருவங்களில் காந்தக் கோடுகள் வளைந்து திரும்பாமல் வெளியே நீண்டு கிடக்கின்றன. கொரோனா (சூரியனின் வெளி வளிமண்டலம்) துளைகள் எனப்படும் அப்பகுதிகளே அங்கே கணவாய்கள்.

கேள்வி: சூரியன் கொந்தளிக்கும் காலத்திலும் அப்படியேதானா?
- கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: இல்லை. 2000, 2001ஆம் ஆண்டுகளில் யுலிசிஸ் மீண்டும் துருவங்களைக் கடந்தபோது அந்த ஒழுங்கு கலைந்திருந்தது. மெதுவான காற்றும் வேகமான காற்றும் எல்லா அட்சரேகைகளிலும் கலந்து வீசின. மூன்றாம் சுற்றில் ஒழுங்கு திரும்பியது, ஆனால் காற்றின் அழுத்தம் முதற்சுற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நீண்ட காலம் ஒரே கலம் சுற்றி வந்ததால்தான் இந்த வேறுபாடு தெரிந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். கடைசிக் காலத்தில் மின்சாரம் குறைந்து, குழாயிலுள்ள ஹைட்ரசின் எரிபொருள் உறைந்துவிடும் நிலை வந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சிறிது எரித்து ஓடவிட்டே ஓராண்டுக்கு மேல் கலத்தைக் காப்பாற்றினார்கள். 2009 ஜூன் 30 அன்று அதன் பணி நிறுத்தப்பட்டது.

யுலிசிசில் கேமரா கிடையாது. நடுக்கோட்டிலிருந்து 17 பாகை விலகிச் சென்ற சோலார் ஆர்பிட்டர் விண்கலம், 2025இல்தான் தென்துருவத்தைப் படமெடுத்து அனுப்பியது.