சுருட்டையோடு சுருட்டை சேர்த்தால் மொட்டைக் குஞ்சும் வரும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வீட்டில் நிற்கிற சேவலும் பேடும் இரண்டுமே சுருட்டை, அதாவது இறகு சுருண்டு நிற்கிற கோழி. அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளில் சில சாதாரண ஊர்க்கோழி மாதிரி, பல சுருட்டை, இரண்டு மூன்று மட்டும் முதுகுத் தோல் தெரிய நிற்கின்றன, விற்றமின் கொடுத்தும் இறகு வரவில்லை, இது என்ன நோய்?

செட்டைக்கு அடியில் பேன், செள்ளு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் நோயே இல்லை, சோடி சேர்த்ததில் வந்த வினை. விற்றமின் போத்தலை மூடி வையுங்கள்.

இறகைச் சுருட்டுவது ஒரே ஒரு பரம்பரை அலகு. இறகில் இருக்கும் கெரற்றின் என்ற புரதத்தை உண்டாக்கும் அலகு ஒன்றில் சிறு துண்டு விடுபட்டதுதான் காரணம் என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். குஞ்சுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். ஒன்றில் மட்டும் சுருட்டை இருந்தால் நாம் ஆசைப்படுகிற கோழி, இறகு அகலமாக, நுனி தலைப்பக்கம் திரும்பி நிற்கும். இரண்டிலும் இருந்தால் இறகின் தண்டே மெலிந்து, கம்பிச்சுருள் மாதிரி இறுகி, கூட்டில் உரசினாலே முறிந்து விழும். உங்கள் சோடிக்குச் சராசரியாக நாலு குஞ்சில் ஒன்று அப்படித்தான் வரும், ஒன்று சாதாரணம், இரண்டு நல்ல சுருட்டை. ஒரே அடையில் இந்தக் கணக்கு அப்படியே விழாது, அது வேறு.

வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒற்றைச் சுருட்டைக்கு இறகு லாபம்தான், உடம்புச் சூடு லேசாக வெளியேறும். ஆனால் மாரி தொடங்கினால் மொட்டைக் குஞ்சின் பாடு பெரும்பாடு. தின்பதெல்லாம் உடம்பைச் சூடாக வைக்கவே போய்விடும், நாளடைவில் இதயமும் பருத்துவிடும். அதற்கு நனையாத, காற்றடிக்காத கூடும் கூடுதல் தீனியும் வேண்டும்.

இனிமேல் சுருட்டைச் சேவலைச் சாதாரண இறகுப் பேடுகளோடு விடுங்கள், பாதிக் குஞ்சு சுருட்டையாக வரும், மொட்டை வராது. மாறிச் சேர்த்தாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் சேவல் மிதிக்கும்போது சுருட்டைப் பேட்டின் முதுகு இறகு சீக்கிரம் முறியும், அதனால் எனக்கு முதல் முறைதான் பிடிக்கும். இப்போது பொரித்த சாதாரணப் பேடுகளையே வளர்த்தெடுக்கலாம், தகப்பனோடு சேர்க்காமல் வேறொரு சுருட்டைச் சேவல் கிடைத்தால் இன்னும் நல்லது. மொட்டைச் சேவல் தப்பிப் பிழைத்தால், சாதாரணப் பேட்டோடு விட்டால் குஞ்சு அத்தனையும் சுருட்டை! ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காகவே மொட்டையை உண்டாக்குவது பாவம்.

ஒன்றைக் கவனியுங்கள். சுருட்டையை அடக்கிவிடுகிற இன்னொரு அலகும் உண்டு, அது இரண்டு பக்கத்தாலும் வந்த கோழி சுருட்டையைச் சுமந்துகொண்டே கிட்டத்தட்டச் சாதாரணமாகத் தெரியும். ஆகவே பேட்டைத் தெரிவு செய்யும்போது கழுத்து இறகை விரித்துப் பாருங்கள், நுனி சற்று மேலே வளைந்திருந்தால் அதை இந்தச் சேவலோடு சேர்க்க வேண்டாம்.