அவள் பெயரைக் கேட்டு எழுதுங்கள்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர் தண்டராம்பட்டுப் பக்கம். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. சாலையை அகலப்படுத்த அளவெடுத்தவர்கள் அதன் மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் வருத்தப்பட்டால், "எழுத்தே இல்லாத கல்லில் என்ன வரலாறு?" என்கிறார்கள் நண்பர்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே அந்தப் பக்கத்து எடுத்தனூர் நடுகல்தான், இறந்த வீரனுக்காக நட்ட கல், நினைவுக்கு வந்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டவன் கருந்தேவக்கத்தி. கூடவே நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயையும் கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதிவைத்தார்கள். ஏறக்குறைய 1,400 வருடம் கழித்தும் அந்த நாயின் பெயரை நாம் சொல்கிறோம். உங்கள் ஊர்க் கல்லுக்கு உரியவள் பெயர்தான் யாருக்கும் தெரியவில்லை.

சுமைதாங்கி யாருக்காக வைப்பது என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக. பெற்று இறக்காத சுமையோடு போய்விட்டாள். வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அங்கே இறக்கினால் அவள் பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. நட்ட கல் இரண்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல், அவ்வளவுதான். ஆனால் அந்த உயரத்தைப் பாருங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், இறக்கிவிட ஆள் வேண்டாம். சும்மாட்டோடு மூட்டையை அப்படியே கல் மேல் நகர்த்தலாம், திரும்ப அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஆளில்லாத வழியில் தனியாகச் சந்தைக்கு நடந்த ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய உதவி! என் அம்மாச்சி விறகுக்கட்டை இறக்கியதும் முதலில் கல்லைத் தொட்டுக் கும்பிடுவார், அப்புறம்தான் முகத்தைத் துடைப்பார்.

வண்டி இல்லாத காலத்தில் ஜனங்கள் எந்த வழியாக நடந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் நிற்கிற இடமே சாட்சி. அதனால் அதைப் பெயர்த்து ஏதாவது அலுவலக வாசலில் கொண்டுபோய் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

சரி, என்ன செய்யலாம்? திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். சாலை அகலமாகட்டும், கல்லைப் பத்தடி தள்ளி அதே ஓரத்தில் நட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இப்போதே நாலு பக்கமும் படமெடுத்து, உயரத்தை அளந்து வையுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. ஊரில் வயதான பெண்களிடம் போய் உட்காருங்கள். ஆண்களிடம் கேட்டால் கல் வைத்தவர் பெயரைத்தான் சொல்வார்கள். பாட்டிகளிடம், "அது யாருக்கு வைத்த கல்?" என்று கேளுங்கள். பெயர் வராமல், "இன்னார் வீட்டு மருமகள், தலைப்பிள்ளையோடு போனாள்" என்று மட்டும் வந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கும் போய்க் கேளுங்கள்.

பெயர் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா