இலவச ஒலிநூலும் கதை வலையொலியும்: கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்

காஜாங்கிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு தினமும் கொம்யூட்டர் ரயிலில் போய் வருகிறவள் நான். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பன்னிரண்டு வருஷமாக அது எனக்குக் கதை கேட்கும் நேரம். எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்ததும் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

செந்தூல் தம்பி: அக்கா, இலவச ஒலிநூல்னு தேடினா முப்பது நாள்தான் இலவசம்னு வருது, உடனே கார்டு நம்பர் கேக்குது. உண்மையிலேயே இலவசமா ஏதாச்சும் இருக்கா?

இருக்கிறது தம்பி. ஆனால் "இலவசம்" என்று தட்டினால் விளம்பரத்துக்குக் காசு கட்டியவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். சும்மா வாசித்துக் கொடுக்கிறவர் விளம்பரத்துக்கு எங்கே போவார்? அதனால் இடத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு நேராக அங்கே போய்விடுங்கள்.

முதல் இடம் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளம். கனடாவைச் சேர்ந்த ஹியூ மெக்குவயர் 2005-இல் தொடங்கியது. காப்புரிமை முடிந்துபோன புத்தகங்களை உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்கிறார்கள், அந்தப் பதிவுகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் போய்ச் சேர்கின்றன. 15,000-க்கு மேல் நூல்கள் இருக்கின்றன. கணக்குத் திறக்க வேண்டாம், கார்டு வேண்டாம், மின்னஞ்சல்கூட வேண்டாம். பதிவின் மேலும் யாரும் உரிமை வைத்துக்கொள்வதில்லை, நீங்கள் நகல் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு விஷயம் சொல்லாவிட்டால் இரண்டு நாளில் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். அங்கே யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அதனால் ஒரு பதிவு தேனாக இருக்கும், அடுத்தது பாத்ரூமுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒருவர் வாசித்திருப்பார், குரல் மாறிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் ஒரே ஆள் முழுக்க வாசித்ததை மட்டும் எடுங்கள், தேடும் இடத்திலேயே அப்படிப் பிரித்துக் கேட்க வழி இருக்கிறது. ஒரே நாவலை இரண்டு மூன்று பேர் தனித்தனியாக வாசித்திருப்பதும் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். பிடித்த குரல் கிடைத்ததும் வாசித்தவர் பெயரைத் தொட்டால் அவர் வாசித்த எல்லாமே வரிசையாக வரும். நான் புத்தகத்தைத் தேடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. குரலைப் பிடித்துக்கொண்டே போகிறேன், புத்தகம் தானாக வருகிறது. பெயரே கேள்விப்படாத எத்தனையோ கதைகளை, "இவர் வாசித்தால் நன்றாகத்தான் இருக்கும்" என்ற ஒரே நம்பிக்கையில் கேட்டு அசந்துபோயிருக்கிறேன்.

பட்டர்வொர்த் லோரி அண்ணன்: நான் வலையொளியிலதான் கதை கேக்குறேன். ஸ்கிரீன் அணைஞ்சா கதையும் நின்னுடுது, டேட்டாவும் பறக்குது. வேற வழி இருக்காம்மா?

யூடியூப் என்கிற வலையொளியை விட்டுவிட்டு, பாட்காஸ்ட் என்கிற வலையொலிக்கு வாருங்கள் அண்ணே. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் டேட்டாவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வீடியோவாகப் பார்க்கும்போது நீங்கள் பார்க்காத படத்துக்கும் சேர்த்து டேட்டா போகிறது. வெறும் ஒலி என்றால் 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட்தான், 128-இல் எடுத்தால் அதற்கு இரட்டிப்பு. பேச்சுக்கு 64 தாராளம். பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். வரைக்கும் ஐந்து மணி நேரம் என்று வைத்தால்கூட 150 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும், அதையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு என்றால் ஆன்டெனாபாட் என்ற செயலியைப் போடுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது. வலையொலி என்பது அடிப்படையில் ஒரு ஓடை முகவரி, ஆர்.எஸ்.எஸ். என்பார்கள். அந்த முகவரியை ஒருமுறை கொடுத்து, தானாக இறக்கும் அமைப்பையும் இயக்கிவிட்டால் புது அத்தியாயம் வரும்போதெல்லாம் செயலி தானே இறக்கி வைக்கும். கிளம்புவதற்கு முன்பே வரிசை போட்டுவிடுங்கள். ஓட்டும்போது கைப்பேசியைத் தொடாதீர்கள், வரிசை தீர்ந்தால் தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், பிடித்த கதையைக் கோப்பாக இறக்கித் தனியாக ஒரு இடத்தில் வையுங்கள். ஒரு செயலிக்குள் நாற்பது கதைக்கு மேல் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள், எல்லாம் போச்சு. அதில் பாதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: அம்மா, ஆங்கிலத்தில் இவ்வளவு இருக்கிறது. தமிழில் தேடினால் ஏன் ஒன்றும் அகப்படுவதில்லை?

ஐயா, ஆங்கிலத்தின் பக்கத்தில் வைத்தால் லிப்ரிவாக்ஸில் தமிழ் மிகக் குறைவு, அது உண்மை. ஆனால் தமிழில் கதை வாசிப்பவர்கள் குறைவில்லை. சிதறிக் கிடக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் ஒலிநூல் என்கிறார், இன்னொருவர் ஒலிப்புத்தகம் என்கிறார், கதை வாசிப்பு, கதை நேரம், ஆடியோ புக், பாட்காஸ்ட் என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது "கதை" என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கிறது. அத்தனையையும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அதைவிட நல்ல வழி, கதையின் பெயரையும் எழுத்தாளர் பெயரையும் தமிழ் எழுத்திலேயே தட்டுவது. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒலி என்ற பிரிவுக்குள் போய், மொழி தமிழ் என்று வடிகட்டுங்கள். அப்படித் தேடுகிற நாளில் ஒரு டம்ளர் டீயோடு பொறுமையாக உட்காருங்கள், பத்துக்கு ஒன்று தேறும்.

நீங்கள் ஆர்.டி.எம். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த தலைமுறை. உங்கள் காது எதிர்பார்க்கிற உச்சரிப்பு எல்லாரிடமும் இருக்காது. ளகர ழகரத்தில் தடுமாறுகிறவரை நீங்கள் முதல் நிமிஷத்திலேயே ஒதுக்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் ஐயா. இருபதாவது அத்தியாயத்தில் நன்றாக வாசிக்கும் பலர் முதல் அத்தியாயத்தில் தடுமாறியவர்கள்தான்.

கிள்ளான் அக்கா: இப்போ எழுதிக்கிட்டு இருக்கறவங்க நாவலையெல்லாம் யார் யாரோ வாசிச்சுப் போடுறாங்க. அதைக் கேக்கலாமா?

எழுத்தாளர் சம்மதித்திருந்தால் கேட்கலாம். சம்மதம் வாங்கியவர் பெரும்பாலும் அதை ஆரம்பத்திலேயே சொல்லுவார், விவரக் குறிப்பிலும் எழுதியிருப்பார். ஒரு வார்த்தைகூட இல்லை, எழுத்தாளர் பெயரே மூலையில் கிடக்கிறது என்றால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன். ஆயிரம் பிரதி விற்பதற்கே தமிழ் எழுத்தாளர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு, அவர் புத்தகத்தை அவருக்குத் தெரியாமல் இலவசமாகக் கேட்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

பழையவை வேறு. மலேசியாவில் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரைக்கும் காப்புரிமை, இந்தியாவில் 60 ஆண்டு. கல்கி 1954-இல் மறைந்தார், ஆகவே இரண்டு கணக்கிலும் அவர் எழுத்து இப்போது பொதுச்சொத்து. அதற்கு முன்னாலேயே தமிழ்நாட்டு அரசு அதை நாட்டுடைமையாக்கிவிட்டது. அமெரிக்கக் கணக்கு வேறு மாதிரி, அங்கே நூல் வெளிவந்த ஆண்டைப் பார்க்கிறார்கள். லிப்ரிவாக்ஸ் அந்தக் கணக்கில்தான் போகிறது, அதனால் நமக்குப் பொதுவான சில நூல்களை அவர்கள் ஏற்பதில்லை.

பாயான் லெப்பாஸ் தங்கை: எனக்கு ஒருத்தர் வாசிக்கறது தூக்கம் வருது. நாடகம் மாதிரி, சத்தம் கித்தமெல்லாம் வெச்சு வேணும். இங்கிலீஷ் பரவாயில்லை. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஃபேக்டரி பஸ்ல வரும்போது கேக்க.

உனக்குத்தான் இங்கே பெரிய விருந்து. சொந்தமாகக் கதை எழுதி, நண்பர்களை நடிக்க வைத்து, வீட்டிலேயே ஒலி சேர்த்து இலவசமாக வெளியிடுகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. வெல்கம் டு நைட் வேல் 2012 ஜூனில் தொடங்கியது. ஒரு பாலைவன ஊரின் உள்ளூர் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும், ஆனால் செய்தியெல்லாம் விபரீதமாக இருக்கும். பெரும்பாலும் ஒரே குரல்தான், ஆனாலும் தூக்கம் வராது. லண்டனைச் சேர்ந்த ரஸ்டி குவில் குழுவின் தி மேக்னஸ் ஆர்க்கைவ்ஸ் 2016-லிருந்து 2021 வரைக்கும் 200 அத்தியாயம் வந்து கதை முழுசாக முடிந்துவிட்டது. பேய்க் கதைதான், ஒரு ஆவணக் காப்பகத்தில் மக்கள் கொடுத்த வாக்குமூலங்களை ஒருவர் பதிவு செய்கிறார். முதலில் தனித்தனிக் கதை மாதிரி போகும். எங்கேயோ கேட்ட ஒரு பெயர் பத்து அத்தியாயம் கழித்துத் திரும்ப வரும்போது முதுகு சில்லென்று ஆகும். விடியற்காலை நாலு மணி பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து கேட்காதே, பகலில் கேள்.

சின்னதாக வேண்டுமென்றால் எஸ்கேப் பாட், 2005-லிருந்து வருகிறது, அறிவியல் புனைகதை. எழுத்தாளருக்குச் சன்மானம் கொடுத்துக் கதை வாங்கி, நமக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பயங்கரக் கதைக்கு சூடோபாட், மாயாஜாலத்துக்கு பாட்காசில் என்று அவர்களுக்கே தங்கச்சிகளும் உண்டு. அவை ஒருவர் வாசிப்பதுதான், ஆனால் முக்கால் மணி நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும்.

தொடர்கதையை எப்போதும் ஒன்றாம் அத்தியாயத்திலிருந்து கேள். செயலி புதுசைத்தான் மேலே காட்டும், அதை நம்பித் தொட்டால் முடிவு தெரிந்துவிடும். அப்புறம் கடைசியில் நன்றி சொல்லிப் பெயர் வாசிப்பார்களே, அதைத் தாண்டிப் போகாதே. எனக்குப் பிடித்த தொடர்களில் பாதி அந்தப் பெயர்களிலிருந்து கிடைத்தவை. வில்லனாக நடித்தவர் வேறொரு தொடரில் கதாநாயகனாக இருப்பார், ஒலி சேர்த்தவர் தானே ஒரு தொடர் எழுதியிருப்பார். சில நேரம் தங்கள் ஓடையில் நண்பர்களின் முதல் அத்தியாயத்தையும் போட்டுவிடுவார்கள். ஒரு மாவட்டத்துக்குள் சம்பந்தம் தேடிப் போகிற மாதிரிதான், ஒரு வீடு தெரிந்தால் போதும்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்: மெஷின் குரல்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தமிழில் பெரும்பாலும் சுலபம். எண்ணும் ஊர்ப்பெயரும் வரும் இடத்தைக் கவனியுங்கள், அங்கேதான் இடறும். பேச்சுத்தமிழ் உரையாடல் வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், "போயிட்டு வரேன்டா" என்பதைச் செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லும். பல நேரம் மூச்சுவிடும் சத்தமே இருக்காது. அழுகிற இடமும் சிரிக்கிற இடமும் ஒரே சுருதியில் போகும். லிப்ரிவாக்ஸில் மனிதர் வாசித்ததை மட்டும்தான் ஏற்பார்கள், அந்தக் கவலை இல்லை.

செலாயாங் தங்கை: அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிடுச்சு. திறன்பேசி தொடவே பயப்படறாங்க. அவங்களுக்கு எப்படிக் கேக்க வைக்கிறது?

திறன்பேசியே வேண்டாம். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பக்திப் பாட்டு கேட்பதற்கு மெமரி கார்டு போடுகிற சின்ன ரேடியோ விற்பார்களே, அதை வாங்குங்கள். பொத்தான் பெரிசாக இருக்கிறதா, தடவிப் பார்த்தால் தெரிகிறதா என்று கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு சோதித்துவிடுங்கள். கோப்புகளுக்கு 01, 02, 03 என்று பெயர் கொடுத்து ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது அத்தியாயம் இரண்டாவதற்கு முன்னால் பாடும். ஒரு கார்டில் ஒரு கதை மட்டும். பாட்டையும் கதையையும் கலந்துவிட்டால் அவர்களுக்குத் தேட முடியாது.

என் அம்மாவுக்கும் புரை வந்து இப்படித்தான் ஆரம்பித்தோம். ரேடியோவை அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். முதல் நாள் காதில் விழாத மாதிரிதான் இருந்தார். மூன்றாம் நாள் குழம்பு தாளிக்கும்போது "கடுகு வெடிச்சதுல என்ன சொன்னான்னு கேக்கலை, கொஞ்சம் பின்னால போடு" என்றார். இப்போது கடுகு போடுவதற்கு முன்னால் அவரே தடவி நிறுத்துகிறார், வெடித்து அடங்கியதும் திரும்ப ஓடவிடுகிறார்.

ஜெலுத்தோங் தம்பி: எல்லாம் சும்மாவே கேக்கறோமே, அவங்களுக்கு எதாவது கொடுக்கணுமா?

கட்டாயம் இல்லை. முடிந்தால் கொடுங்கள், பேட்ரியான் மாதிரி இடங்களில் மாதம் ஐந்து பத்து வெள்ளி போதும். காசு இல்லாவிட்டால் இரண்டு வரி எழுதுங்கள். நான் ஒருமுறை ஒரு வாசிப்பாளருக்கு "உங்கள் குரலோடுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்" என்று எழுதினேன். அன்றைக்குத்தான் பதிவு செய்வதை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் புது நூல் வந்தது.

நிபோங் தெபால் அண்ணன்: எங்க தாத்தா சொன்ன தோட்டத்துக் கதைங்க ஒரு நோட்டு நிறைய எழுதி வெச்சிருக்கேன். நானே வாசிச்சுப் போடலாமா? ஸ்டூடியோவெல்லாம் கிடையாது.

போடுங்கள் அண்ணே, ஸ்டூடியோ தேவையில்லை. பால்மரத் தோட்டத்துக் (ரப்பர் தோட்டத்துக்) கதையை அந்த மண்ணின் பேச்சிலேயே கேட்கக் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று தேடி அலைந்த எனக்குத் தெரியும்.

உடுப்பு நிறைய இருக்கும் அலமாரியைத் திறந்து, அதைப் பார்த்து உட்காருங்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும். காற்றாடியையும் ஏர்கண்டிஷனரையும் நிறுத்துங்கள். வாய்க்கு நேராக மைக் வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ப வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். ஆடாசிட்டி இலவச மென்பொருள், வெட்டி ஒட்ட அது போதும். முதலில் ஒரு நிமிஷம் மட்டும் பதிவு செய்து இயர்போனில் கேளுங்கள். தப்பாக வாசித்தால் நிறுத்தாமல் கையை ஒருமுறை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசியுங்கள், பிறகு வெட்டும்போது அந்தத் தட்டல் அலையில் மேடாகத் தெரியும். இன்டர்நெட் ஆர்க்கைவில் கணக்குத் திறந்து ஏற்றினால் செலவே இல்லை. தலைப்பையும் தோட்டத்தின் பெயரையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள், அப்போதுதான் தேடுகிறவர் கையில் அகப்படும்.

உங்கள் வீடு தகரக் கூரை என்றால் மழை நாளில் வேண்டாம். தாத்தா சொன்ன வார்த்தையை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள், "வெரசா மங்கு (பால் வடியும் கிண்ணம்) தொடைக்கணும்" என்று அவர் சொல்லியிருந்தால் அப்படியே வாசியுங்கள். முதல் கதை முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், மறுநாள் காலை கொம்யூட்டரில் கேட்டுவிட்டு சென்ட்ரலில் இறங்கியதும் எழுதுகிறேன்.