பல வருடமாக ஜெயித்துவரும் எம்.பி.யை, மக்கள்தொகை மாறிவரும் நகரத் தொகுதியில் தோற்கடிக்க முடியுமா?

முடியும். ஆனால் மக்கள்தொகை மாறினால் மட்டும் போதாது. அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கான நியூயார்க்கின் 14வது தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரின் குயின்ஸ், பிராங்க்ஸ் பகுதிகள் அடங்கிய இங்கே ஏறக்குறைய பாதிப் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அப்படியும் 1999 முதல் எம்.பி.யாக இருந்த வெள்ளையரான ஜோ கிரவுலியை எதிர்த்து, 2004க்குப் பிறகு அவருடைய ஜனநாயகக் கட்சிக்குள் யாரும் போட்டிக்கே வரவில்லை.

2018 ஜூனில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் சுமார் 57 சதவீதம் வாங்கி அவரை வீழ்த்தினார். பதிவான வாக்குகள் மொத்தமே சுமார் 30,000, வித்தியாசம் 4,000 சொச்சம். இதுதான் சூட்சுமம்: கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தேர்தல், அதிலும் கூட்டம் குறைவு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினால் முடிவையே புரட்டலாம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. குயின்ஸில் உள்ள அஸ்டோரியா மாதிரி இளைஞர்கள் புதிதாகக் குடியேறிய இடங்களிலும் ஒகாசியோ-கோர்டெஸுக்கு வாக்குகள் குவிந்தன. இனக்கணக்கு மட்டும் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.